சத்தியவாணி முத்து: இலாகாவும் இயக்கமும்

(புதுச்சேரியில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சட்டமன்றத்துக்கும் டெல்லிக்கும் போன நம்ம தலைவர்களைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஒருத்தரை மட்டும் எடுத்துக்கிறேன். சத்தியவாணி முத்து. 1923இல் பிறந்து 1999இல் மறைந்தவர். திராவிட இயக்க வரலாறு எழுதுறவங்க பெரும்பாலும் இவரை ஒரு வரியில் தாண்டிப் போயிடுறாங்க. நாமும் பெரிசா எழுதிடல.

1949இல் தி.மு.க. தொடங்கியதிலிருந்தே உள்ளே இருந்தவர். 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனார். 'அன்னை' என்ற பத்திரிகை நடத்தினார். 1957இல், கட்சி முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியபோதே, சென்னைப் பெரம்பூரில் ஜெயித்தார். 1967இல் அண்ணா அமைத்த ஒன்பது பேர் அமைச்சரவையில் ஒரே பெண் இவர்தான். கொடுத்த இலாகா? அரிசன நலம். கூடவே செய்தித்துறை.

இங்கே கொஞ்சம் நிக்கணும். ஊருக்கு வெளியே சேரி; கோட்டைக்குள்ளே அரிசன நலத்துறை. அந்தத் துறையை வைத்து விடுதி கட்டலாம், உதவித்தொகை கொடுக்கலாம். ஆனா சேரிக்குத் தீ வச்சவனைப் பிடிக்கப் போலீஸ் வேணும். கூலி கேட்டவனுக்கு நிலம் வேணும். அதெல்லாம் வேறு அமைச்சர்கள் கையில். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அப்போது இவர் அமைச்சர். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அப்போதும் அமைச்சர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்த இதைச் சொல்லல. நம்மாளு ஒருத்தர் உள்ளே உக்காந்துட்டா போதும்ங்கிற நம்பிக்கையை வெண்மணிச் சாம்பலுக்கு முன்னால் வச்சுப் பார்க்கணும், அதுக்காகத்தான்.

1974இல், கருணாநிதி அரசு தாழ்த்தப்பட்ட மக்களைப் புறக்கணிக்கிறது என்று சொல்லி வெளியே வந்தார். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கினார். ஆளுங்கட்சியில் அமைச்சராக இருந்தவர், அதை விட்டுட்டு நம்ம மக்கள் பேரில் கட்சி தொடங்கினார். அப்படி இன்னொருத்தரைச் சொல்லுங்க, பார்ப்போம்.

ஆனா கட்சி நிக்கல. எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வில் கரைந்தது. 1978இல் இவர் மாநிலங்களவைக்குப் போனார். 1979 ஆகஸ்டில் சரண் சிங் அமைச்சரவையில் இடம். கூடவே அமைச்சரானவர் நம்ம புதுச்சேரி எம்.பி. பாலா பழனூர். திராவிடக் கட்சிகளிலிருந்து மத்திய அமைச்சரான முதல் இருவர் இவர்கள். அதில் ஒருவர் தலித் பெண். ஆனா அந்த ஆட்சி? அதே ஆகஸ்ட் 20ஆம் தேதி சரண் சிங் விலகல் கடிதம் கொடுத்துட்டார். ஒருநாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காத ஆட்சி அது.

ஏன் கட்சி நிக்கல? 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து பாருங்க. தொகுதி நமக்கு, ஓட்டு எல்லோருக்கும். ஜெயிக்கப் பெரிய கட்சியின் சின்னமும் ஊர்க்காரன் ஓட்டும் வேணும். இங்கேயும் 30 தொகுதியில் 5 தனித்தொகுதி. அந்த ஐந்தில் யார் நிக்கணும்னு யார் முடிவு பண்றாங்க? சேரியா? டெல்லிக்கு ஆள் அனுப்பும் ஒரே மக்களவைத் தொகுதியும் பொதுத்தொகுதிதான்.

சத்தியவாணி முத்துவுக்குப் பதவி முதலில் வந்தது, தனி இயக்கம் பிறகு. சேரிகளில் கிளை கட்டி வளர அவருக்குக் காலமில்ல. விடுதலைச் சிறுத்தைகள் இதைத் தலைகீழாச் செய்தார்கள். பல வருஷம் தேர்தலைப் புறக்கணித்துச் சேரி சேரியாக அமைப்பு கட்டி, 1999இல்தான் தேர்தலுக்கு வந்தார்கள். 2024இல் பானைச் சின்னத்திலேயே இரண்டு பேர் மக்களவைக்குப் போனார்கள். அதுவும் தி.மு.க. கூட்டணிக்குள் நின்றுதான். ஆகவே கேள்வி இன்னும் தீரல. ஆனா சொந்தச் சின்னத்தில் ஜெயிச்சவன் கூட்டணிக்குள்ளேயும் எதிர்த்துப் பேசலாம். அதுக்கான பலம் சேரியில் இருக்கும் கிளையில்தான் இருக்கு.

மாணவத் தோழர்களே, அவர் தன் போராட்டங்களைத் தானே நூலாக எழுதி வைத்திருக்கிறார். தேடிப் படிங்க. படிச்சிட்டு உங்க தெருவில் ஒரு கூட்டம் போட்டுப் பேசுங்க.