எந்தத் திசையில் அளந்தாய்?



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பேராசிரியரிடம் எந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினாலும், எந்தத் திசையில் அளந்தாய் என்றுதான் முதலில் கேட்பார். அப்போது எரிச்சலாக இருக்கும். சூட்டை மின்சாரமாக்கும் பாலிமர்களைப் பற்றிப் பேச அந்தக் கேள்வியைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

1977இல் வாயேஜர் விண்கலங்கள் புறப்பட்டன. சிலிக்கான்-ஜெர்மானியத் துண்டுகள் புளூட்டோனியத்தின் சூட்டை மின்சாரமாக்கி அவற்றுக்கு ஊட்டுகின்றன. அதே ஆண்டில்தான் ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீனில் அயோடினை ஏற்றினால் அது உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தும் என்று காட்டினார்கள். 2000இல் நோபல் பரிசு வந்தது. சூட்டை மின்சாரமாக்கும் வேலையைப் பிளாஸ்டிக்கிடம் ஒப்படைக்கலாம் என்ற துணிவு வர இன்னும் நாளாயிற்று.

இன்று இந்தத் துறையின் ஆய்வகங்களில் பரவலாக இருப்பது பெடாட்-பிஎஸ்எஸ் என்ற பாலிமர்க் கலவை. புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமலிருக்கப் பூசிய பொருள்தான். பார்க்கப் பேனா மை மாதிரி இருக்கும். கண்ணாடித் தகட்டில் சொட்டு விட்டு உலர்த்துங்கள், வெளிர்நீலப் படலமாகும். இரு முனையிலும் கம்பி பொருத்தி ஒரு முனையில் விரலை வைத்தால் மானி அசையும். டிகிரிக்குச் சுமார் 15 மைக்ரோவோல்ட். விரல் 5 டிகிரி கூட்டினால் 75. ஒரு டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டுக்கு 20,000 விரல் வேண்டும்!

சரி, மின்சுமைகளைக் கூட்டுவோமே என்றால், கடத்துதிறன் ஏறும், டிகிரிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் இறங்கும். சுமைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் தூக்கிவரும் வெப்பத்தின் பங்கு குறைகிறது. போதாததற்கு அவை மின்சாரத்தோடு சூட்டையும் கடத்திவிடுகின்றன. நமக்கோ மின்சாரம் ஓட வேண்டும், சூடு நிற்க வேண்டும். ஆகவே ஏற்றியதைக் கொஞ்சம் இறக்குவதே இங்கே கைத்திறன். 2011இல் ஸ்வீடனின் லிங்ஷோபிங் குழு, வேறொரு பெடாட் படலத்தின் ஆக்சிஜனேற்றத்தை ஆவியால் படிப்படியாகக் குறைத்து, மின்னழுத்தம், மின்சாரம், சூடு மூன்றையும் சேர்த்து எடைபோடும் தகுதியெண்ணை 0.25க்குக் கொண்டுவந்தது. 2013இல் மிச்சிகன் குழு பெடாட்-பிஎஸ்எஸ் படலத்தை எத்திலீன் கிளைக்காலில் ஊறவைத்தது. மின்சாரம் கடத்தாத பிஎஸ்எஸ் கரைந்து போக, எண் 0.42 ஆயிற்று. இதே வேலைக்குப் பழகிய பொருளான பிஸ்மத் டெல்லூரைடுக்கு அந்த எண் சுமார் 1.

பெடாட்டில் ஓடுவது நேர்மின்சுமை; எலெக்ட்ரான் ஓடும் வகைப் பாலிமர்கள் வேறு கதை. காற்றும் ஈரமும் பட்டால் பல சோர்ந்துவிடும். கருவிக்கு இரண்டு வகையும் வேண்டும் என்பதால் அவற்றை ஒதுக்கவும் முடியாது.

இனி பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன். படலத்தில் பாலிமர்ச் சங்கிலிகள் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடக்கும். மின்சாரத்தை நெடுக்கே, அதாவது படலத்தின் பரப்போடு, அளப்பது எளிது. வெப்பத்தைக் குறுக்கே, அதாவது தடிமன் வழியே, அளப்பது எளிது. எளிதான இரண்டையும் எடுத்து ஒரே சூத்திரத்தில் போட்டால் எண் அழகாக வரும், பொருள் வராது. சில பெடாட் படலங்களில் வெப்பம் குறுக்கே செல்வதைவிட நெடுக்கே மூன்று மடங்குவரை செல்கிறது. வெப்பத்தையும் நெடுக்கே அளந்தால், 0.6 என்று எழுதியது 0.2 ஆகிவிடும்.

2024இல் சீனக் குழு ஒன்று இரண்டு பாலிமர்களை மெல்லிய அடுக்குகளாக மாற்றி மாற்றி வைத்து, 95 டிகிரி செல்சியஸில் 1.28 என்று அறிவித்தது. நல்ல செய்திதான். மாணவர்களே, அடுத்த எண்ணை நீங்கள் அறிவிக்கும்போது மின்னழுத்தம், மின்சாரம், வெப்பம் மூன்றையும் ஒரே படலத்தில், ஒரே திசையில் அளந்து, அந்தத் திசையையும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.