கொழும்பை நினைத்து ஏங்கும் பிள்ளைகள்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழையில நனைஞ்சு கொழுந்து எடுத்துட்டு, தேத்தண்ணிகூட குடிக்காம வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. ஆகையால் நீட்டிப் பேசப் போவதில்லை.

கொழும்புக்கு ஒரு பிள்ளையையாவது அனுப்பாத லயம் நம் பக்கத்தில் உண்டா? புறக்கோட்டைப் புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை, நாட்டாமை வேலை, வீட்டு வேலை, கார்மெண்ட் என்று பள்ளிக்கூடம் விட்ட கையோடு போகிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது பலர் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். 2022இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், கடைகளில் ஆளைக் குறைத்தபோது இன்னும் சிலர் வந்தார்கள். வந்தவர்களில் மறுபடி போனவர்களும் உண்டு. போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

"சேர், வந்ததில இருந்து மகன் ஆரோடும் பேசமாட்டேங்கிறான். இஸ்தோப்புல குந்திக்கிட்டு போனையே பாக்குறான்" என்று தாய்மார் சொல்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே யாரையோ பிடித்துவிட்டாள் என்று பீலிக்கரையில் கதை கட்டிவிடுவார்கள். நாங்கள் உட்கார்ந்து பேசிப் பார்த்த பிள்ளைகளில் அநேகருக்கு இருப்பது வேறொன்றும் இல்லை, கொழும்பு ஏக்கம்.

"ஒரு அறையில எட்டுப் பேர் படுத்தது மறந்து போச்சா?" என்று ஏசுகிறீர்கள். மறக்கவில்லை. மூட்டைப்பூச்சி, வேர்வை, முதலாளியின் ஏச்சு, "தோட்டக்காட்டான்" என்ற பேச்சு, எல்லாவற்றையும் அவர்களே சொல்கிறார்கள். அதோடு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கூட்டத்தையும் சொல்கிறார்கள். நம் சைவப் பிள்ளைகளும் அங்கே போய் மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவில் தேர் பார்த்தது, ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடையோடு கடலைப் பார்த்து நின்றது, இப்படி எத்தனையோ. ஒரு தங்கச்சி சொன்னா: "இங்க நான் இன்னாருடைய மகள். அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. சம்பளமும் என் கையில வந்திச்சு." இதைக் கேட்டுவிட்டு அவளைச் சோம்பேறி என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வயதானவர்களுக்கு இது புதிதில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன நம் சொந்தங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை மலையில்தான் வேலை செய்தார்கள். அதே செடி, அதே குளிர். இருந்தும் இந்த மலையை நினைத்து அழுது கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு நீங்களும் அழுதீர்கள்தானே? பிள்ளையின் ஏக்கமும் அந்தச் சாதிதான்.

ஆகவே ராத்திரி ரொட்டி சுடும் நேரத்தில் "அங்க என்ன செய்வீங்க, எப்படி இருப்பீங்க" என்று கேளுங்கள். கூட்டாளிமாரோடு போனில் பேசினால் தடுக்க வேண்டாம். ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறேன் என்றால் பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள், சொல்லாமல் ஓடுவதைவிட அது நல்லது. இங்கே உழைக்கும் காசில் ஒரு பங்கை அவர்கள் கையிலேயே விடுங்கள். புறக்கோட்டையில் பழகிய சிங்களம் சும்மா கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகும்போது அவர்களைக் கூட்டிப்போய்ப் பேச வையுங்கள்.

சாப்பாடு, தூக்கம் இல்லாமல் "இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் பொறுத்திருக்க வேண்டாம். பூசாரியிடம் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடுங்கள்.

சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாரும் பிள்ளைக் காம்பராவுக்கு வரட்டும். பெரியவர்கள் வேண்டாம். தேத்தண்ணியும் வடையும் எங்கள் செலவு. இறால் வடைக்கு மட்டும் எங்களால் வழியில்லை.