முதல் ஒட்டு
(மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



"திறந்த மூல மென்பொருளில் ஏதாவது வேலை செய்து காட்டு, பிறகு வா" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியனுப்பியதாக, கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்கிறார்கள். அது என்ன வேலை, அதில் எப்படி நுழைவது, கூலி உண்டா என்று எங்களைக் கேட்டீர்கள். கூலிக்குக் கடைசியில் வருகிறோம்.

கம்ப்யூட்டரை நடத்தும் கட்டளைகளை மனிதர்கள் எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்கு மூல நிரல் என்று பெயர். கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்து விற்று வந்தன. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கொள்கையோடு 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது அந்த லினக்ஸ்தான். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வெட்டிய பொதுக் கிணறு அது.

யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். வந்தது யார்? 2006-ல் கூகுள் நடத்திய கோடைகாலப் பயிற்சியில் க்னோம் என்ற திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண் அனுப்பியதல்ல. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கைபிடித்து அழைத்துப் போக ஆளில்லை! உடனே அவ்வாண்டே பெண்களுக்கென்று தனிப் பயிற்சி வைத்தார்கள். அது நின்றுபோய், 2010-ல் மரினா ஜுராகின்ஸ்காயா என்ற பெண் பொறியாளரின் முயற்சியால் மறுபடி தொடங்கியது. 2015-ல் அவுட்ரீச்சி என்று பெயர் மாறியது. தத்தம் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்படும் மற்றவர்களுக்கும் இடம் தந்தது. மரினா 2022-ல் காலமானார்.

இதில் சேரக் கல்லூரிச் சான்றிதழ் தேவையில்லை. முதலில் ஒரு விண்ணப்பம். அது தேறினால் சுமார் ஒரு மாதம், விரும்பிய திட்டத்தில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். அந்த வேலைதான் பரீட்சை.

லினக்ஸில் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறோம். அங்கே 'ஸ்டேஜிங்' என்றொரு பகுதி உண்டு. இன்னும் பதமாகாத நிரல்கள் அங்கே கிடக்கும். புதிய ஆள் அதில் ஒரு கோப்பை எடுக்கிறார். எழுத்து விதி எங்கே மீறப்பட்டிருக்கிறது என்று காட்ட ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. நீண்டுபோன ஒரு வரி, தேவையற்ற ஓர் இடைவெளி, இவ்வளவுதான் குறை! அதைத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று காரணம் எழுதி, கீழே சொந்தப் பெயரில் பொறுப்பேற்றுக் கையொப்ப வரி சேர்த்து, எல்லோரும் படிக்கும்படி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இதற்கு 'பேட்ச்', அதாவது ஒட்டு என்று பெயர். அறுந்த இழையை ஒட்டப் பழகிய ஸ்பின்னிங் தோழர்களுக்கு இது விளங்கும்.

நாங்கள் நாலைந்து பேர் ஒன்றாகத் தொடங்கினோம். எங்கள் முதல் ஒட்டு மூன்று முறை திரும்பி வந்தது. "காரணம் போதாது" என்றார் ஒருவர். "ஒரே ஒட்டில் இரண்டு வேலையைக் கலக்காதே, பிரித்து அனுப்பு" என்றார் இன்னொருவர். உலகமே பார்க்கத் திட்டு வாங்கியதாக நினைத்து எங்களில் ஒருவர் விலகியே போனார். பிறகுதான் தெரிந்தது, பதினைந்து வருஷம் அனுபவமுள்ளவர் அனுப்புவதும் இப்படித்தான் திரும்புகிறது என்று. திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று குறித்து, என்ன மாற்றினோம் என்று சொல்லி மறுபடி அனுப்ப வேண்டும். முன்பே ஒரு வழிகாட்டி இதைச் சொல்லியிருந்தால் அந்தத் தோழர் இன்று எங்களோடு இருப்பார்.

இனி கூலி. தேர்வானவருக்கு அண்மை ஆண்டுகளில் மூன்று மாத வேலைக்கு 7000 டாலர் தந்தார்கள். பணத்தில் பெரும்பங்கு கம்பெனிகளுடையது. தர்மமா? இல்லை! அவர்கள் லாபம் இந்தப் பொதுக் கிணற்றில் இருக்கிறது. 2014-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு நிரலில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தின் பெரும்பகுதி அதை நம்பியிருந்தது. அதைப் பராமரித்தவர்களுக்கு அதுவரை வந்த நன்கொடையோ வருஷத்துக்குச் சுமார் 2000 டாலர்! வீடு தீப்பற்றிய பிறகுதான் கம்பெனிகள் பணப்பையைத் திறந்தன.

சம்பளம் கொடுப்பதால்தான் இந்தப் பயிற்சியை மெச்சுகிறோம். சும்மா உழைக்க வசதியுள்ளவன் மட்டுமே கற்கலாம் என்ற நிலையை அது கொஞ்சம் உடைத்தது. ஆனால் குறையும் சொல்ல வேண்டும். முதல் ஒரு மாத உழைப்புக்குக் கூலி கிடையாது. தேர்வாகாதவர் வெறுங்கையோடு திரும்புகிறார். பகல் ஷிப்டு முடித்து இரவில் உட்காருபவருக்கு அந்த மாதம் லேசல்ல. மூன்று மாதம் முடிந்தபின் வேலை நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுப்பதுமில்லை. கூகுளின் பயிற்சி 2005 முதல் மாணவர்களுக்கு மட்டுமே இருந்து, 2022-ல்தான் மற்றப் புதியவர்களுக்கும் திறந்தது.

"என் மகளுக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் இல்லையே" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பழைய இரண்டாம்கை மெஷினிலும் லினக்ஸ் ஓடும், அம்மா. ஆனால் முழு லினக்ஸையும் அதில் உருவாக்கிப் பார்க்க மணிக்கணக்காகும். அதனால் முதலில் விளக்கக் குறிப்புகளில் உள்ள பிழையைத் திருத்தட்டும். க்னோமின் திரைச் சொற்களைத் தமிழாக்கட்டும். அதுவும் ஒட்டுதான், அவள் பெயரிலேயே பதிவாகும். வரும் ஞாயிறு அவளை அழைத்து வாருங்கள். எங்கள் மெஷின் ஒன்று சும்மாதான் இருக்கிறது.