இடிபாட்டுக்கும் ஒரு விலை



2022 ஆகஸ்ட் 28 அன்று, டெல்லியை அடுத்த நொய்டாவில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இரு அடுக்குமாடிக் கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஏறத்தாழ 100 மீட்டர் உயரக் கட்டடங்கள் சில வினாடிகளில் சரிந்ததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. ஆனால் எஞ்சிய சுமார் 80,000 டன் இடிபாட்டை என்ன செய்வது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு அக்கேள்வியே முக்கியமானதாகப் படுகிறது.

பழைய கட்டடத்தை இடிப்பவரே உரிமையாளருக்குப் பணம் கொடுத்துப் பொருள்களை எடுத்துச் செல்வது நம் நாட்டில் பல இடங்களில் உள்ள வழக்கம். தேக்கு நிலை, கதவு, ஜன்னல், இரும்புக் கம்பி, உடையாத செங்கல் ஆகிய அனைத்துக்கும் வாங்குவோர் உண்டு. எந்தத் திட்டமும் மானியமும் இன்றி இவ்வணிகம் தலைமுறைகளாக நடைபெறுகிறது. விலையுள்ள பொருள் வீணாவதில்லை. வீணாவது விலையற்ற எச்சமே. அதாவது உடைந்த கான்கிரீட், பூச்சுக் காரை, செங்கல் துண்டுகள். டெல்லியில் இதனை ‘மல்பா’ என்பர். இரவு நேரத்தில் லாரிகள் இதைச் சாலையோரத்திலும் ஏரியிலும் யமுனைக் கரையிலும் கொட்டிவிட்டுச் செல்கின்றன. கொட்டுவோருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. செலவு முழுவதையும் ஊர்தான் ஏற்கிறது.

இந்த எச்சத்தைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் நம்மிடம் இல்லை என்று கூற இயலாது. 2009-இல் டெல்லி புராரியில், நாளொன்றுக்கு 500 டன் இடிபாட்டைக் கையாளும் ஆலை தொடங்கப்பெற்றது. பின்னர் அதன் திறன் 2,000 டன்னாக உயர்த்தப்பட்டது. இடிபாட்டை நொறுக்கி, கழுவி, சலித்து, ஜல்லியும் மணலும் பெறுகின்றனர். அவற்றைக் கொண்டு நடைபாதைக் கற்களும் ஓரக்கற்களும் வார்க்கின்றனர். செய்வது எளிதாயிற்று, விற்பதே கடினமாயிற்று.

இதற்கு என் அனுபவமே சான்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தின் வளாகத்தில் நடைபாதை அமைக்க வேண்டியிருந்தது. மறுசுழற்சிக் கற்களை வாங்கலாம் என்று இளம் பொறியாளர் ஒருவர் குறிப்பெழுதினார். ‘இப்பொருள் விலை அட்டவணையில் இல்லை, தணிக்கையில் ஆட்சேபணை எழக்கூடும்’ என்ற குறிப்புடன் கோப்பு என்னிடம் வந்தது. நானும் அதற்குக் கையொப்பமிட்டேன். கற்களின் உறுதியைப் பற்றி அக்கோப்பில் எவரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது பின்னரே என் நினைவில் உறுத்தியது.

அந்தத் தயக்கத்துக்கு அன்று ஓரளவு காரணம் இருந்தது. கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய ஐ.எஸ். 383 தரநிலை இயற்கை மூலங்களை மட்டுமே ஏற்றிருந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கிற்று. கம்பி இடாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், எம்-25 தரம் வரையிலான கம்பியிட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையிலும் மறுசுழற்சி ஜல்லியைச் சேர்க்கலாம். பொறியாளர்களின் எச்சரிக்கையை நான் குறை கூறவில்லை. பழைய காரை ஒட்டிய ஜல்லி நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆகவே வரம்பு தேவைதான். ஆனால் நடைபாதைக்கும் சாலையின் அடித்தளத்துக்கும் மலையை உடைத்த புதிய ஜல்லிதான் வேண்டுமா?

அதே 2016-இல் வெளியான கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் அதனைத் தரம் பிரிக்க வேண்டும் என்றன. நகராட்சி, அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை இத்தகைய பொருள்களைப் பயன்படுத்தவும் அவை வழிசெய்தன. 2025-இல் அறிவிக்கப்பெற்ற புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களை மேற்கொள்வோரையே, 2026 ஏப்ரல் 1 முதல், கழிவுக்குப் பொறுப்பாக்குகின்றன.

தூரம் மற்றொரு சிக்கல். எடை மிகுந்து விலை குறைந்த பொருள் நெடுந்தொலைவு செல்லுமாயின், லாரி வாடகையே அதன் விலையை விழுங்கிவிடும். டெல்லி கிழக்கு கித்வாய் நகர் மறுகட்டுமானத்தில் செய்ததுபோல் பணியிடத்திலேயே நொறுக்குவது சிக்கனமானது.

இங்கே கூடியுள்ள பொறியாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த மதிப்பீட்டைத் தயாரிக்கும்போது, மறுசுழற்சிக் கற்களைத் தனி இனமாகச் சேர்த்து, தரநிலை எண்ணையும் விதியையும் கோப்பிலேயே குறித்துவிடுங்கள். என்னைப் போன்ற ஓர் அதிகாரி கையொப்பமிட மறுக்க நேர்ந்தால், அதற்கான காரணத்தை அவர் எழுத்தில் தர வேண்டியிருக்கும்.