பெண்பிள்ளைகளும் பொறியியற் கல்வியும்

 

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நமது வீடுகளில் ஒரு தீர்மானம் மிக விரைவாக எடுக்கப்பட்டு விடுகின்றது. கணிதத்தில் 'ஏ' சித்தி பெற்ற மகன் கணிதப் பிரிவுக்குச் செல்கின்றான். அதே 'ஏ' சித்தியைப் பெற்ற மகள் கலைப் பிரிவுக்கு அனுப்பப்படுகின்றாள். மிகுந்த கெட்டிக்காரியாக இருந்தால் உயிரியல் பிரிவு. வைத்தியராகட்டும் என்று துஆச் செய்கின்றோம். பொறியியல் என்ற சொல் அவளது விடயத்தில் வாயிலேயே வருவதில்லை. ஏன் என்று கேட்டால், அது வெயிலில் நின்று ஆட்களை வேலை வாங்கும் தொழில், இரவு பகல் பாராத தொழில், குடும்பப் பெண்ணுக்கு ஒத்துவராது என்று பதில் வருகின்றது.

இந்தப் பதிலை நிறுத்துப் பார்ப்பதற்கு ஒரு பெண்மணியின் வரலாறு உதவும். அவர் சென்னையில் 1919ஆம் ஆண்டு பிறந்த லலிதா. பதினைந்து வயதில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். அப்போது அவர் கையில் நான்கு மாதக் குழந்தை. விதவையை வீட்டின் மூலையில் இருத்தி வைத்த காலம் அது. ஆயினும் அவருடைய தந்தை சுப்பா ராவ் மகளைப் படிக்க வைத்தார். அவர் கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மருத்துவம் படிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது லலிதா அதனை விரும்பவில்லை. நள்ளிரவில் குழந்தையை விட்டுவிட்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டியிருக்கும் என்று எண்ணினார். நேரத்துக்குச் சென்று நேரத்துக்குத் திரும்பக்கூடிய தொழில் என்றே பொறியியலைத் தெரிவு செய்தார்.

பெற்றோர்களே, இதனைச் சற்று நின்று சிந்தியுங்கள். இரவுக் கடமைக்குச் செல்லும் வைத்தியராக மகளைக் காண ஆசைப்படும் நாம், பகலில் அலுவலகத்தில் அமர்ந்து வரைபடமும் கணக்கும் பார்க்கும் தொழிலைக் குடும்பத்துக்கு ஒவ்வாதது என்கிறோம். கைக்குழந்தையை வைத்திருந்த ஒரு தாய், குடும்பத்தை முன்னிட்டே நேர்மாறான முடிவுக்கு வந்திருக்கின்றார்.

1940இல் லலிதா கல்லூரியில் சேர்ந்தபோது நூற்றுக்கணக்கான ஆண்களிடையே அவர் ஒருவரே பெண். விடுதியில் தனிமை வாட்டியது. மேலும் பெண்களைச் சேர்க்குமாறு தந்தை நிர்வாகத்தை இணங்கச் செய்தார். அவ்வாறு லீலாம்மா ஜோர்ஜ், தெரேசியா என்னும் இருவர் சிவில் பொறியியல் கற்க வந்தனர். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆண்பாலில் அச்சிட்டிருந்ததை வெட்டி 'அவள்' என்று கையால் திருத்திக் கொடுக்க நேர்ந்தது. பிற்காலத்தில் லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தும் பாதைகளுக்கான வேலையில் பங்கெடுத்தார். 1964இல் நியூயோர்க்கில் நடைபெற்ற முதலாவது சர்வதேசப் பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் சென்றார். தெரேசியாவோ கேரளத்தின் பொதுப்பணித் துறைக்குத் தலைமைப் பொறியியலாளராக உயர்ந்தார்.

அது இந்தியா என்று சொல்வீர்களாயின், நமது நாட்டிலும் 1960களின் தொடக்கத்திலேயே ஒரு தமிழ்ப் பெண் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் ஒரே பெண்ணாக அமர்ந்து கற்று, நாட்டின் முதலாவது பெண் பொறியியலாளரானார். பிரேமளா சிவசேகரம் என்பது அவரது பெயர். 2019இல் நமது பாராளுமன்றம் அவரைக் கௌரவித்தது. அவருடைய தந்தையும் பொறியியல் கற்பித்தவரே. இரண்டு வரலாற்றிலும் கதவைத் திறந்து விட்டவர் தந்தை என்பது இதனை வாசிக்கும் தந்தையர் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் சமூகத்தின் பழைய வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் அலெப்போவில், வான்கோள்களின் நிலையை அளக்கும் அஸ்தர்லாப் கருவியைச் செய்த ஒரு பெண்மணியை இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் குறிப்பிடுகின்றார். அவருடைய தந்தையும் அதே கைவினைஞர். (மர்யம் என்று இக்காலத்தில் அவரை அழைக்கின்றனர், பழைய நூலில் அல்இஜ்லிய்யா என்ற குடும்பப் பெயரே உள்ளது.) அரபுக் கல்லூரியில் ஃபராயிழ் என்னும் வாரிசுரிமைச் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும், பின்னங்களைக் கையாளத் தெரியாமல் ஒரு சொத்தைப் பங்கிட முடியாது. அட்சரகணிதத்துக்கு அடித்தளமிட்ட அல்குவாரிஸ்மியின் நூலிலும் பாகப்பிரிவினைக் கணக்குகளுக்குத் தனிப் பகுதி உண்டு. கணிதம் நமக்கு அந்நியமான கல்வி அன்று.

மடத்துவெளியிலிருந்து இதனை வாசிக்கும் சகோதரியே, இனி உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்தே புங்குடுதீவுக்கு வருகின்றீர்கள். கடலின் நடுவே கல்லையும் மண்ணையும் கொட்டினால் மட்டும் தாம்போதியாகி விடாது. இருபுறத்து நீரும் கலந்தோட எத்தனை திறப்புகள் விட வேண்டும், அவை குறைந்தால் மீனும் இறாலும் என்னவாகும் என்று ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டும். அதுவே பொறியியல்.

கிணற்றைப் பாருங்கள். தீவுப் பகுதியில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறி, நல்ல கிணறு கெட்டுப் போகும். பிறகு பவுசரை எதிர்பார்த்துக் குடத்துடனும் கலனுடனும் நிற்பவர் யார்? பெரும்பாலும் தாயும் மகளுந்தான். தண்ணீரின் அருமையை ஒவ்வொரு நாளும் சுமந்து அறிந்தவளுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிய கல்வி மட்டும் ஆகாது என்பது என்ன நியாயம்? 2024 ஆகஸ்ட் மாதம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியதாக அது அமைக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரிய ஒளி, மின்கலம் ஆகியவற்றால் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற், காற்றால் 530 கிலோவாற் என்பது அதன் திட்ட அளவு. இவ்வாறான நிலையங்களை அமைப்பதோடு வேலை முடிவதில்லை. உப்புக்காற்றில் அவை பழுதாகாமல் ஆண்டாண்டு காலம் பராமரிக்க ஆட்கள் வேண்டும். தீவின் பிள்ளைகள் படிக்காவிட்டால், ஒரு கருவி பழுதானால் வெளியூர்ப் பொறியியலாளர் வரும் வரை குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

தூரமும் பாதுகாப்பும் பெற்றோரின் உண்மையான கவலைகள். அவற்றை நான் இலேசாக எண்ணவில்லை. முன்னர் பேராதனைக்கோ மொரட்டுவைக்கோ அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகின்றது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியற் பீடம் உண்டு. ஹிஜாபுடன் சென்று கற்றுப் பட்டம் பெற்றுத் திரும்பிய பெண்கள் நம் சமூகத்தில் இருக்கின்றார்கள். அவர்களுள் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, மகளோடு பேச வையுங்கள். என்னைப் போன்ற மௌலவிமாரின் உரையை விட அந்த அரைமணி நேரம் கூடிய பயனைத் தரும்.

ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியியற் பீடத்துக்குச் செல்ல உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். உயிரியலோ கலையோ எடுத்த பின்னர் மனம் மாறினால், அந்த வாசலால் நுழைவதற்கு மீண்டும் பாடம் மாற்றிப் பரீட்சை எழுத வேண்டிவரும். ஊர்ப் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லையாயின், எந்தப் பாடசாலையில் இருக்கின்றார், அங்கு நம்பிக்கையான உறவினர் வீடு உண்டா என்பதைப் பெறுபேறு வருமுன்பே விசாரியுங்கள். வெட்டுப்புள்ளி எட்டாமற் போனாலும் திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்கும் வழி உள்ளது. அனுமதிப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர், தந்தையர் ஒரு மாலைப்பொழுதில் மகளின் கணித ஆசிரியரைச் சந்தித்து, "இவளால் முடியுமா?" என்று கேளுங்கள். பின்னர் அதே கேள்வியை மகளிடமும் கேளுங்கள்.