மூன்று பேர், ஒரு வாடகை வீடு



நமது பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணை இருக்கிறது. நிலமும் இருக்கிறது. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் ஊரிலேயே பிழைக்க முடிவதில்லை. சிலர் ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போகிறார்கள். சிலர் திருப்பதிக்குப் போகிறார்கள். சத்தியவேடு, தடா பக்கம் ஸ்ரீசிட்டி வந்த பிறகு, அங்குள்ள கம்பெனிகளுக்கும் போகிறார்கள்.

போன இடத்தில் தங்க வேண்டும். ஒருவர் சம்பளத்தில் தனி வீடு எடுக்க முடியாது. எனவே இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள். சேரும்போது எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரிதான். பிரியும்போதுதான் வம்பு வருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்று பேர் ஒரு வீடு எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 6,000 ரூபாய். அட்வான்ஸ் 30,000 ரூபாய். ஆளுக்கு 10,000 போட்டார்கள். பத்திரத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்காவது மாதம் ஒருவனுக்கு வேலை போய்விட்டது. "அண்ணா, இந்த மாசம் நீங்க கட்டிடுங்க. ஊருக்குப் போய் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பினான். பணம் வரவில்லை.

வீட்டுக்காரர் முழு வாடகை கேட்டார். மற்ற இருவரும், "எங்கள் பங்கு 4,000 இதோ. மீதியை அவனிடம் கேளுங்கள்" என்றார்கள்.

வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு வந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதில் 43ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பலர் சேர்ந்து ஒரு கடனை ஒப்புக்கொண்டால், கொடுத்தவர் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "வேறு விதமாக எழுதிக்கொள்ளவில்லை என்றால்" என்று ஒரு நிபந்தனையும் அதில் உண்டு. அந்த நிபந்தனையை மறக்க வேண்டாம். "அவரவர் பங்கு வாடகைக்கு அவரவரே பொறுப்பு" என்று பத்திரத்தில் எழுத வீட்டுக்காரர் சம்மதித்தால், கதை மாறிவிடும். பெரும்பாலும் அவர் சம்மதிக்கமாட்டார். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முழுவதையும் கட்டியவன் ஏமாந்தவனா? இல்லை. மற்றவர்களிடமிருந்து அவரவர் பங்கை வாங்க அவனுக்கு உரிமை உண்டு. அதே பிரிவில் சட்டமே ஒரு கணக்கு காட்டுகிறது. மூன்று பேர் சேர்ந்து 3,000 ரூபாய் தர வேண்டும். ஒருவனிடம் ஒன்றுமே இல்லை. இன்னொருவன் முழுவதையும் கட்டிவிட்டான். அவன் மூன்றாமவனிடம் எவ்வளவு கேட்கலாம்? 1,000 என்று நினைப்போம். சட்டம் 1,500 என்கிறது. கொடுக்க முடியாதவனின் பங்கை மற்ற இருவரும் சரிபாதியாகத் தாங்க வேண்டும். இது நியாயமான கணக்குதான்.

ஆனால் நம் பிள்ளைகளிடம் அதிகமாக நடப்பது வேறு. மூவரும் பணம் போடுவார்கள். பத்திரத்தில் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போடுவான். அப்போது வீட்டுக்காரருக்கு அந்த ஒருவன்தான் குடித்தனக்காரன். வாடகை பாக்கி என்றால் அவன் கழுத்துக்குத்தான் கத்தி. மற்ற இருவர் நிலையும் நல்லதில்லை. வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் அந்த ஒருவன் கைக்குத்தான் போகும். "என் பணம் 10,000 எங்கே?" என்று கேட்டால், "எப்போது கொடுத்தாய்?" என்று அவன் திருப்பிக் கேட்கலாம்.

இதற்கு மருந்து ஒரு வெள்ளைத் தாள்தான். வீட்டுக்காரரிடம் எழுதும் பத்திரம் ஒன்று. உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் தாள் இன்னொன்று. யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டார்? வாடகையில் யாருக்கு எவ்வளவு? கரண்டு பில் எப்படி? கேஸ் சிலிண்டர், மின்விசிறி யாருடையது? நடுவில் போகிறவர் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? புதிதாக வருகிறவர் அட்வான்ஸை யார் கையில் கொடுக்க வேண்டும்? இவ்வளவையும் எழுதி, தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். "நம்மிடையே தாள் எதற்கு?" என்று கேட்கிறவர் உண்டு. அவரிடம்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும்!

பணத்தைக் கையில் கொடுப்பதைவிட, போன் மூலமோ வங்கி மூலமோ அனுப்புவது நல்லது. அது சாட்சி. கையில் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்.

நம் எல்லையில் பத்திரம் தெலுங்கில் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். தெரியாத எழுத்து என்றால், தெரிந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாடகைப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டு நகரங்களில் 2019 முதல் புதிய வாடகைச் சட்டம் நடக்கிறது. அங்கே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

தகராறு வந்துவிட்டால் என்ன செய்வது? சாமானைத் தெருவில் எறியக்கூடாது. கதவுக்கு வேறு பூட்டுப் போடக்கூடாது. அப்படிச் செய்தால் பணத் தகராறு போலீஸ் தகராறாகிவிடும். முதலில் கணக்கை எழுதிக் கடிதமாக ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அங்கே வக்கீல் உதவி இலவசம். பெண்களுக்கு வருமானக் கணக்குக்கூடக் கேட்பதில்லை. வேலைக்குப் போய் அறை எடுத்துத் தங்கும் நம் பெண் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டு முடிந்தால், அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. முடியாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் மற்றவன் பங்கையும் சேர்த்துக் கட்டியவர், கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். போகும்போது அந்த வெள்ளைத் தாளையும் ரசீதுகளையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.