இனிப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்

இந்தத் தலைவர் நாற்காலியில் வழக்கமாக அமர்பவர்கள் ஈறு நோய்த் துறையின் பெரியவர்கள். இந்த முறை சொத்தை அடைக்கும் துறையிலிருந்து ஒருவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருக்குப் பெருமைதான், கொஞ்சம் உதறலும் உண்டு. வந்தவர் தன் துறைக்காக வழக்காடாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார் என்பது அழைத்தவர்களுக்குத் தெரியாததா?

மாநாட்டின் பொருள் வேப்பிங்கும் வாய்நலமும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஈறில் கசிவு அடங்கி நோய் மறைந்திருக்கும். இதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. 2020இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரி 119 பேரை ஆராய்ந்தது. ஈறு நோய் சிகரெட் பிடிப்பவர்களில் 72.5 சதவீதம், வேப் இழுப்பவர்களில் 42.5, இரண்டும் இல்லாதவர்களில் 28.2. நடு எண்ணைக் காட்டி ‘சிகரெட்டுக்கு இது தேவலை’ என்று ஆறுதல் சொல்லும் நண்பர்கள், கடைசி எண்ணையும் சேர்த்து வாசித்தால் நல்லது.

அதே நண்பர்கள்தான் ‘95 சதவீதம் தீங்கு குறைவு’ என்றும் சொல்வார்கள். 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பரப்பிய எண் அது. அதன் வேர் 2014இல் வெளியான ஒரு நிபுணர் குழுவின் மதிப்பீடு. யாருடைய வாயையும் திறந்து பார்த்து எடுத்த அளவு அல்ல.

தலைவர் நிற்க விரும்பும் இடம் வேறு. 2018இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த ஓர் ஆய்வை நம் கருத்தரங்குகள் போதுமான அளவு எடுத்துப் பேசவில்லை. அதில் வேப் திரவத்தின் ஆவியை எனாமல் மீது செலுத்திப் பார்த்தார்கள். கிளிசரின் கலந்த அந்தத் திரவம் பிசுபிசுப்பானது. சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், பல்லின் குழிகளிலும் பிளவுகளிலும் ஒட்டிக்கொள்ள அது வசதி செய்கிறது. ஆவி பட்ட எனாமலில் கிருமி ஒட்டுவது நான்கு மடங்கு; சுவையூட்டிய திரவத்தைச் சுவையற்றதோடு ஒப்பிட்டபோது கிருமிப் படலம் இரண்டு மடங்கு, எனாமலின் கடினத்தன்மை 27 சதவீதம் வரை குறைவு. ‘சர்க்கரையே இல்லாத புகையில் சொத்தை எங்கிருந்து வரும்?’ என்று இதே துறைக் கூட்டம் ஒன்றில் மூத்தவர் ஒருவர் கேட்டதும், அவை சிரித்ததும் உண்டு. எத்தில் பியூட்டிரேட், ஹெக்சில் அசிடேட், டிரையசிட்டின் ஆகிய பழவாசனை எஸ்டர்களே அந்த ஆய்வில் பதில் சொல்லியிருக்கின்றன. அந்த மூத்தவர்மீது மரியாதை இன்றும் குறையவில்லை, கேள்விதான் பழசாகிவிட்டது.

ஆய்வகத்துப் பல் வேறு, மனிதர் வாய் வேறு என்பீர்கள். சரி, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவோம். 13,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2022இல் அவர்கள் எழுதியது: வேப் இழுப்பவர்களில் 79 சதவீதம் பேருக்குச் சொத்தை அபாயம் அதிகம், மற்றவர்களில் அது சுமார் 60. அபாயம் என்பது சொத்தை ஆகிவிடாது என்ற மறுப்பு நியாயமானது. வேப் பழக்கத்தைச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்ற மறுப்புதான் நிற்காது. மறைத்தவர்கள் ‘மற்றவர்கள்’ பக்கம்தானே போய்ச் சேர்ந்திருப்பார்கள்? அப்படியானால் உண்மையான இடைவெளி பெரும்பாலும் இதைவிட அகலமாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் மறைப்பதற்குக் காரணமும் கூடுதல். தமிழ்நாடு 2018இலேயே தடை விதித்தது; 2019இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்து உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றமாயின. தடை செய்த பொருளை ஏன் கேட்க வேண்டும் என்று நம் கேஸ் ஷீட்டும் ஒதுங்கிக்கொள்கிறது. ‘பழக்கங்கள்’ கட்டத்தில் புகை, மது, வெற்றிலை பாக்கு, புகையிலை இருக்கும், வேப் இருக்காது. முன்பற்களின் விளிம்பில், சொத்தை சாதாரணமாக வராத இடத்தில், அது வந்திருப்பதைப் பார்த்தாலும் ‘கூல்டிரிங்ஸைக் குறைப்பா’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

எனவே தலைவரின் கோரிக்கை ஒன்று. வேப் உண்டா, என்ன சுவை, ஒரு நாளில் எத்தனை முறை என்ற மூன்று கேள்விகளைக் கேஸ் ஷீட்டில் சேர்க்கும் தீர்மானம் மதிய உணவுக்கு முன் வாக்குக்கு வரட்டும். ஈறு நோய்த் துறையினர் திருத்தம் கொண்டுவந்தால் தடையில்லை. சுவை பற்றிய கேள்வியை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள்.